லிஃப்ட் மெக்கானிக்குக் குல்லா மாட்டிய கதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஓர் ஏமாற்று வேலை.

குளிர்காலம் தொடங்கியதிலிருந்து நான் சரியில்லை. சிரிப்பு வரவில்லை, தூக்கம் வரவில்லை, யார் வாயைத் திறந்தாலும் எரிச்சல். டாக்டர், "பகல் வெளிச்சத்துல தினமும் கொஞ்ச நேரம் வெளியே நடந்துட்டு வாங்க. அடுத்த மாசம் வந்து எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றார். நான் நேராக வீட்டுக்கு வந்தேன். ஹீட்டரைக் காலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வெளியே நடக்கப் போகும் ஒருவனைப் பற்றிக் கதை எழுத உட்கார்ந்தேன். எனக்குப் பதிலாக அவன் நடக்கட்டுமே.

(சிரிக்காதீர்கள். நீங்களும் இப்போது உட்கார்ந்துகொண்டுதான் படிக்கிறீர்கள்.)

2

"பனி போர்த்திய நகரம் ஒரு—"

வேண்டாம். எந்த நகரமும் கதையில் வந்தால் எதையாவது போர்த்திக்கொள்கிறது.

"அந்த லிஃப்ட் மெக்கானிக் சூரியனைப் பார்த்து வெகு நாளாகிவிட்டது."

இது தேறும். ஆளும் எனக்குப் பிடித்துப்போனான்.* விடியும் முன் வேலைக்குப் போகிறான். நாள் முழுக்க லிஃப்ட் ஓடும் இருட்டுக் குழிக்குள் டார்ச்சும் ஸ்பேனருமாகக் கிடக்கிறான். வெளியே வரும்போது இருட்டியிருக்கும். சாப்பாட்டு இடைவேளையில் அவனைப் பூங்காவுக்கு அனுப்பினேன். நடந்தான், காற்றை இழுத்து விட்டான், மனசு லேசானது. அவனுக்கு. எனக்கு அப்படியேதான் இருந்தது.

* லிஃப்ட் மெக்கானிக் யாரையும் எனக்குத் தெரியாது. எங்கள் லிஃப்ட் கெட்டுப்போனால் ஒரு சாக்குக் கிடைத்தது என்று வீட்டிலேயே இருந்துவிடுவேன்.

3

மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் மழலையர் பள்ளி ஆசிரியை. என்ன குளிர் அடித்தாலும் தினமும் ஒரு வகுப்பையே வெளியே கூட்டிக்கொண்டு போய், ஒன்று விடாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பவள்.

"குல்லா எங்க?"

"என்ன குல்லா?"

"உங்க மெக்கானிக்குத்தான். வெறும் சட்டையோட அனுப்பி வெச்சிருக்கீங்க. தெருமுனையைத் தாண்ட மாட்டான், பாவம்."

குல்லா மாட்டினேன். கையுறை கேட்டாள், அதையும் போட்டேன்.

"மூக்கு ஒழுகவே இல்லையே. இந்தக் குளிர்ல எல்லாருக்கும் ஒழுகும்."

"கதாநாயகனுக்கு மூக்கு ஒழுகலாமா?"

சிரித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள்.

"இவனுக்கு எல்லாம் சரியாயிடும். உங்களுக்கு? வேலை முடிஞ்சு வந்து வாசல்ல ஷூவைக் கழட்டும்போதே எனக்குப் பயமா இருக்குங்க. இன்னிக்கு எப்படி இருப்பீங்களோன்னு."

இதைக் கதையில் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அடிக்குறிப்பில் தள்ளப் பார்த்தேன், முடியவில்லை. எனக்கு வலித்தது. அவள் சிரிப்பையும் சேர்த்து நான் தின்றுகொண்டிருக்கிறேன் என்று புரிந்தது.

4

முடிவுகள் சில கைவசம் உள்ளன.

(அ) மெக்கானிக் அன்றே குணமாகிறான். பொய். யாரும் ஒரே நாளில் குணமாவதில்லை.

(ஆ) வேலையை விட்டுவிட்டுத் தோட்டக்காரன் ஆகிறான். அப்புறம் லிஃப்டை யார் பார்ப்பது? நாங்கள் இருப்பதோ மேல்மாடி.

(இ) பூங்கா வாசலில் நின்றுகொண்டு, "சார், நீங்க வந்தாதான் நான் உள்ள போவேன்" என்கி—

"எழுந்திரு."

மனைவி. விடுமுறை நாள், மதியம், கையில் என் கோட்டு. எப்போதும் வரும் 'ங்க'வைக் காணோம். இது அவள் பள்ளிக்கூடக் குரல்.

"கையை நீட்டு கண்ணா. இந்தக் கை இல்ல, அந்தக் கை. சமத்து!"

ஜிப்பைத் தாடை வரை இழுத்துவிட்டாள். பிறகு பையிலிருந்து ஒரு நீளக் கயிற்றை எடுத்தாள். நெடுக வண்ண வண்ண வளையங்கள். வெளியே போகும்போது பிள்ளைகள் ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும், திரும்பி வரும்வரை விடக் கூடாது. அதுதான் அவர்கள் சட்டம்.

"பிடி."

"யாராவது பார்த்தா மானம் போயிடும்."

"போகட்டும். அதுவும் கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வரட்டும்."

5

இதைப் பூங்காவில் நின்று போனில் எழுதுகிறேன். கையுறையோடு எழுத்து விழவில்லை. கழற்றினால் விரல் விறைக்கிறது. வாக்கியம் குட்டையாகத்தான் வரும்.

வெயில் அடிக்கிறது. சூடே இல்லை. ஆனாலும் வெயில்.

மூக்கு ஒழுகுகிறது.

நாயோடு ஒருவர் வந்தார். அவர் கையில் ஒரு கயிறு, என் மனைவி கையில் ஒரு கயிறு. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கடிக்குமா?" என்று அவளிடம் கேட்டார்.

"வீட்டுல கடிக்கும். வெளியே வந்தா ஒண்ணும் பண்ணாது."

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டு. புறாக்கள் கிளம்பிப் பறந்தன. நாய் குரைத்தது. வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தேன். அவள் அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "குளிரு" என்றாள்.

நாளைக்கு எப்படி இருப்பேனோ, தெரியாது. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மெக்கானிக் இன்னும் பூங்கா வாசலிலேயே நிற்கிறான். அவனை உள்ளே அழைத்துக்கொண்டு போ—

முடியவில்லை, விரல் மரத்துப்போய்விட்டது. மிச்சத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்துகொண்டு இல்லை, எழுந்து வந்து. கயிற்றில் வளையங்கள் காலியாகத்தான் இருக்கின்றன. ஒன்று அவனுக்கு, ஒன்று உங்களுக்கு.