ரோட்டை வெட்டும் சக்கரம்

எங்கள் கடைவீதியில் நின்று பார்த்தால் ரப்பர் தோட்டத்துப் பாதையின் முதல் வளைவு தெரியும். வளைவுக்கு முன்னால் இரண்டு இரும்புத் தூண்கள், நடுவே சங்கிலி. அதைத் தாண்டி இரண்டு மைல் ஏறினால் தொழிலாளர் குடியிருக்கும் லயன்கள். யட்டியாந்தோட்டையில் வாடகைக்கு ஓடிய என் காருக்கு உலகம் அந்தச் சங்கிலியோடு முடிந்தது.

போன மழைக்காலத்தில், தோட்டத்தில் வேலை செய்யும் என் நண்பன் அருளப்பனின் மனைவி மரியாயியைக் கம்பளியில் கிடத்தி, கம்பில் கட்டி, நான்கு பேர் தோட்டத்திலிருந்து தூக்கி வந்தார்கள். பிரசவ வலி. நான் சங்கிலிக்கு இந்தப் பக்கம் காரைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். இறங்கி வருகிறவர்களின் தீப்பந்தம் வளைவுக்கு வளைவு தெரிந்து மறைந்தது. பக்கத்தில் வர வரப் பொறுமை போனதே தவிர, ஒரு அடி முன்னால் போக எனக்கு அனுமதி இல்லை. கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு வேகமாகத்தான் ஓட்டினேன். மரியாயி பிழைத்தாள். பிள்ளை வழியிலேயே போய்விட்டது. திரும்பி வரும்போது அருளப்பன் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு எத்தனையோ தடவை சேர்ந்து டீ குடித்தோம், சிரித்தோம்கூட. ஆனால் அன்றைக்குப் பேசாமல் விட்டது எங்களுக்கு நடுவில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்தே இருந்தது.

இந்த வருடம் மரியாயி மறுபடியும் உண்டாகியிருந்தாள். மழைக்காலத்தில்தான் பிறக்கும் என்றார்கள். அதைக் கேட்ட அன்றே நான் சங்கிலியடியில் போய் நின்றேன். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரரான பெரிய தொரையின் கார் இறங்கி வந்ததும் தொப்பியைக் கழற்றாமலே கேட்டேன்.

"நோயாளி இருந்தா மட்டும் காரை மேல விடுங்க தொரை. வேற ஒண்ணும் வேணாம்."

அவர் தமிழ் தோட்டத்தில் கற்ற தமிழ். கட்டளையிட மட்டும் பழகியது. "முக்தார், உன் சக்கரம் பாரு. உயரம். ஒல்லி. கத்தி மாதிரி. மழையிலே என் ரோடு வெட்டும். என் கார் பாரு. அகலம். மெத்தை மாதிரி போகும்."

"அகலச் சக்கரம் போட்டா விடுவீங்களா?"

அவர் யோசிக்கவே இல்லை. "வாடகைக் கார், வாடகைக் கார்தான்." பிறகு சங்கிலிக் காவற்காரனையும் காரிலிருந்த கிளார்க்கையும் பார்த்துச் சிரித்தார். "சரி. கிளப்பு கார் ரேஸ் வா. எந்தச் சக்கரமும் போடு. என்னை முந்து. சங்கிலி கழட்டுறேன்."

அன்றிரவு என் மனைவி ஸாஹிரா சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "தொரை சொன்னத்த நீங்க நம்புறீங்களா?"

"இல்ல."

"பொறகு எதுக்குப் போறீங்க? கார் ஒடஞ்சா இந்தச் சோறும் இல்ல."

"அவர் சொன்னத்த நாலு பேர் கேட்டிருக்காங்க. அவர் முடியாதுண்டு சொல்றத்த நாப்பது பேர் கேக்கட்டும்."

அவள் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டாள். "அப்ப தோத்துட்டு வந்துடாதீங்க" என்றாள்.

பந்தயம், தொரைமார்களின் கிளப்பு மைதானத்தைச் சுற்றியுள்ள குதிரைத் தடத்தில். செம்மண். அடியில் சரளை. வெயிலில் கல்லாக இறுகும். மழையில் மேலே ஒரு சாண் களியாகும். என் காரின் சக்கரங்கள் பழைய மாதிரி. விளிம்பின் விட்டம் இருபத்துமூன்று அங்குலம், டயரின் அகலம் மூன்றரை. எஹலியகொடவில் ஓடையில் விழுந்து நொறுங்கிய ஒரு காரின் சக்கரங்கள் கிடைத்தன. விளிம்பு பதினேழு, டயர் ஐந்தேகால். சக்கரத்தின் நடுக் குடத்திலுள்ள ஆணித் துளைகளைப் பெருக்கி மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அருளப்பன் வந்ததும் ஆற்றங்கரை வெளிக்கு ஓட்டிப் போனோம்.

காய்ந்த தரையில் அகலச் சக்கரம் அருமையாகப் பிடித்தது. வளைவில் கார் சாயவில்லை. சக்கரம் சிறிதானதால் வளைவிலிருந்து வெளியே வரும்போது இழுவை அதிகம். ஆனால் நேர்பாதையில் எஞ்சின் தொண்டை கிழியக் கத்தியது. வேகம் அதற்கு மேல் ஏறவில்லை. முழுக்கத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசி நாற்றம் அடித்தது. மட்கார்டை வெட்டிவிடலாம். அது பெரிய விஷயமில்லை. ஆற்றோரம் ஈரம் இருந்த இடத்தில் ஏற்றிப் பார்த்தேன். கார் சேற்றின்மேல் பலகைபோல மிதந்து, நான் திருப்பிய பக்கம் போகாமல் அதற்கு விருப்பமான பக்கம் போயிற்று.

பழைய சக்கரத்தை மாட்டி அதே இடத்தில் ஓட்டினேன். ஒல்லி டயர் களியைப் பிளந்து இறங்கிச் சரளையைக் கவ்வியது. கார் நூல் பிடித்த மாதிரிப் போயிற்று. பின்னால் இரண்டு பள்ளங்கள்.

அருளப்பன் பள்ளத்தைப் பார்த்தான். எங்கள் ஆட்கள் அண்ணனை அழைப்பதுபோல அவனும் என்னை நானா என்றுதான் அழைப்பான். "மழை பேஞ்சா இதுலதான் முந்தலாம், நானா. ஆனா முந்துனா தொரை சொன்னது நெசமாயிரும். பாரு, வெட்டுதுன்னு காட்டுவாரு."

"அகலத்தப் போட்டா வெட்டாது. முந்தவும் முடியாது."

"ரெண்டும் வேணும்னா?"

அவன் ரப்பர் ஸ்டோரில் வேலை செய்பவன். அந்த மூளைதான் வேலை செய்தது. ஒல்லி டயரின்மேல் ஒட்டுப்பாலைச் சுற்றி அகலமாக்கிவிடலாம் என்றான். மரத்தில் வழிந்து காய்ந்த பால், வேண்டிய மட்டும் கிடைக்கும். எனக்கும் அது பெரிய புத்தியாகத்தான் பட்டது. ரப்பர் நாட்டில் இருந்துகொண்டு ரப்பருக்கா பஞ்சம்? நாள் முழுக்க உட்கார்ந்து இழுத்து இழுத்துச் சுற்றினோம். கொழுத்த, அழகான சக்கரம். வெயிலில் வெளியை மூன்று சுற்று சுற்றினேன். ஒட்டுப்பால் சூடாகி இளகி, ஆற்றங்கரைக் கல்லையெல்லாம் பொறுக்கிக்கொண்டது. இறங்கிப் பார்த்தால் நான்கு எள்ளுருண்டைகள் மேல் கார் நின்றது. கரையில் துணி துவைத்த பெண்கள் சோப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"மொதலாளி, ஒண்ணு கடிச்சுப் பாத்துச் சொல்லுங்க, இனிப்பு சரியா இருக்கான்னு!"

கல்லோடு கல்லாகப் பிடித்திருந்ததைச் சுரண்டி எடுக்க இருட்டிவிட்டது. சுரண்டிய கத்தியைக் கீழே வைத்தபோது அருளப்பன் சொன்னான். அந்த ஒரு வருடத்தில், பிள்ளை போன இரவைப் பற்றி அவன் சொன்ன முதல் வார்த்தை.

"கம்பளி ஈரமாயிருந்திச்சு நானா. நான் மழைன்னு நெனச்சேன்."

நான் கத்தியை ஆற்றில் கழுவி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்தபோது எந்தச் சக்கரம் என்ற கேள்வி என்னிடம் மிச்சமில்லை. தொரையின் நியாயத்துக்குப் பயந்து நான் சக்கரம் தேடிக்கொண்டிருந்தேன். வெட்டினால் வெட்டட்டும். முதலில் முந்த வேண்டும்.

பந்தயத்தன்று விடியலிலிருந்தே மழை. நான் ஒல்லிச் சக்கரங்களோடு போனேன். களி அடைக்காமலிருக்க மட்கார்டுகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டேன். கிளப்பு ஆட்கள் குடைக்குள்ளிருந்து என் காரைப் பார்த்து, குதிரை வண்டியா என்று கேட்டுக்கொண்டார்கள். வேலிக்கு வெளியே கடைவீதியே நின்றது. மறுநாள் அதே தடத்தில் குதிரைப் பந்தயம். அதனால் ஓட்டம் முடிந்ததும் பள்ளம் நிரப்பத் தோட்டத்து ரோட்டு வேலைப் பெண்களையும் மண்வெட்டியோடு வரச்சொல்லியிருந்தார்கள். அவர்களில் மரியாயியும் இருந்தாள், வயிற்றைச் சேலையால் இறுக்கிக்கொண்டு.

முதல் சுற்றில் தொரை எனக்கு வெகு முன்னால். புது எஞ்சின் அவருடையது. இரண்டாவது சுற்றில் களி கலங்க ஆரம்பித்தது. அவருடைய அகல டயர்கள் வளைவில் அகன்று அகன்று வழுக்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். வளைவுக்கு வளைவு அவர் வேகத்தைக் குறைத்தார். நான் குறைக்கவில்லை. சக்கரம் இறங்கிச் சரளையைத் தொடுவது ஸ்டீரிங் வழியாகக் கைக்குத் தெரிந்தது. கடைசிச் சுற்றில், ஆற்றுப்பக்க வளைவில், அவர் கார் பக்கவாட்டில் போய் வேலியை முத்தமிட்டு நின்றது. நான் உள்பக்கமாகப் போய்விட்டேன். அவர் மறுபடி ஓட்டி வந்து சேர்ந்தபோது நான் இறங்கி நின்றுகொண்டிருந்தேன். "ஹரி! ஹரி!" என்று, சபாஷ் போடுவதுபோல, கடைவீதிச் சிங்களவர்கள் தங்கள் மொழியில் குடையைத் தூக்கிக் கத்தினார்கள்.

தொரை என் கையைக் குலுக்கினார். அது மரியாதைதான், மறுக்கவில்லை. பிறகு என்னைத் தடத்துக்கு அழைத்துப் போனார். என் சக்கரம் போன வழி முழுக்க, கணுக்கால் ஆழத்தில் இரண்டு பள்ளங்கள் தண்ணீர் கட்டிக் கிடந்தன.

"பாரு. ஓட்டம் நல்லது. ஆனா இது என் ரோட்டிலே வேணாம். சங்கிலி இருக்கும்."

"முந்துனா கழட்டுறதாச் சொன்னீங்க."

"சொன்னேன். இதைப் பாக்க முன்னாலே சொன்னேன்."

எனக்கு ஆச்சரியமில்லை. வேலியோரம் நின்ற எல்லாரும் அதைக் கேட்டார்கள். அப்போது மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மரியாயி தடத்துக்குள் இறங்கி வந்தாள்.

"தொரை, இந்தப் பள்ளத்த நெரப்பத்தானே எங்களக் கூப்பிட்டீங்க?"

"ஆமா."

"தோட்டத்து ரோட்டுல பள்ளம் விழுந்தா யாருங்க நெரப்புறது?"

அவர் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்.

"நாங்கதானுங்க. ஒங்க காரு போட்ட பள்ளமும் நாங்கதான், லொறி போட்ட பள்ளமும் நாங்கதான். நானா காரு போட்டா அதையும் நெரப்பிக்கிறோம். ஒங்க கையில மண்ணு படாதுங்க. ஒங்களுக்கு என்னா நோவுது?"

யாரோ சிரித்தார்கள். தொரையின் முகம் சிவந்தது. "பேர் வெட்டிடுவேன். வேலை கிடையாது" என்றார்.

"எல்லார் பேரையும் வெட்டுங்க" என்றாள், பின்னால் நின்றவர்களைக் காட்டி. "நாளைக்கிக் குதிரை ஓடணுமில்ல? மண்வெட்டிய இந்தாங்க, பிடிங்க." என்னைப் பார்த்துத் திரும்பினாள். "நானா, காரை எடுங்க. லயத்துக்கு விடுங்க."

அருளப்பன் என் பக்கத்தில் ஏறினான். மரியாயி ஏறவில்லை. "இன்னிக்கி நடக்குறேன். வர்ற மாசம் ஏறிக்கிறேன்" என்றாள்.

பெண்கள் தடத்தை அப்படியே விட்டுவிட்டு, மண்வெட்டிகளோடு காருக்குப் பின்னால் நடந்தார்கள். அவர்களுக்காக மெதுவாக ஓட்டினேன். சங்கிலியடியில் காவற்காரன் கையை நீட்டினான். "எப்பா, முக்தார் மாத்தயா, எப்பா" என்று கெஞ்சினான், வேண்டாம் ஐயா, வேண்டாம் என்று. நான் எஞ்சினை அணைக்கவில்லை. அருளப்பன் இறங்கி, கொக்கியைத் தூக்கிச் சங்கிலியைத் தரையில் போட்டான்.

சக்கரங்கள் வெட்டத்தான் செய்தன. தொரை சொன்னது பொய்யில்லை. முதல் வளைவிலேயே ஈர மண்ணில் இறங்கின. எனக்குப் பின்னால் மண்வெட்டிகள் சரளையை வாரிப் போடும் ஓசை. நான் நகர நகர அதுவும் நகர்ந்தது. இரண்டாவது வளைவு ஏறும்போது கீழே தொரையின் கார் வந்து நின்றது. பாதையின் முழு அகலத்துக்கும் பெண்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர் ஒருமுறை ஹார்ன் அடித்தார். பிறகு நீளமாக அடித்தார்.

மரியாயி ஒரு கையை இடுப்பில் ஊன்றி நிமிர்ந்தாள்.

"நெரப்பிக்கிட்டு இருக்கோமுங்க தொரை. முடிஞ்சதும் போலாம். கொஞ்சம் பொறுங்க."