கள்ளிக்கு அம்மை வார்த்தது

எங்கள் காட்டில் ஒரு கிணறு உண்டு. உண்டு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், கண்ணால் பார்த்தவர்தான் யாரும் இல்லை. பாகம் பிரித்தபோது என் அண்ணன் மேட்டுக்காட்டை எடுத்துக்கொண்டு, "கெணறு உனக்கே இருக்கட்டும் சுப்பையா" என்றார். சாட்சிக்கு உட்கார்ந்திருந்தவர்கள் துண்டால் வாயைத் துடைப்பதுபோலச் சிரிப்பை மறைத்தார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

கிணற்றைச் சுற்றி இரண்டு ஏக்கருக்குச் சப்பாத்திக் கள்ளி, ஆள் உயரத்துக்கு மேல். வெட்டிப் போட்டால் விழுந்த மடல் ஒவ்வொன்றும் வேர்விட்டுத் தனிக்குடித்தனம் தொடங்கிவிடும். நானும் என் மனைவி சௌந்திரமும் மூன்று வருஷம் வெட்டினோம். கள்ளி பெருகியதும் எங்கள் கையெல்லாம் முள் ஏறியதும்தான் மிச்சம். அந்தத் தண்ணீர் மட்டும் கைக்கு வந்தால் மிளகாய் வைக்கலாம், புகையிலை வைக்கலாம். வராவிட்டால் வானத்தைப் பார்த்துச் சோளம் விதைத்துவிட்டு, பாதி வருஷம் அண்ணன் காட்டில் கூலிக்குப் போகவேண்டியதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு, மாசி மாதம். நாமக்கல் சந்தையில் விவசாய இலாகாக்காரர் ஒருவர் கூடை நிறையக் கள்ளி மடல் வைத்துக்கொண்டு, வேண்டுமா வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். கள்ளியைப் போய் ஒருவர் இனாமாகக் கொடுக்கிறாரே என்று சந்தையே சிரித்தது. நான் குனிந்து பார்த்தேன். மடல் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பஞ்சுப் பொட்டு.

"பஞ்சுக்குள்ள இருக்கறது பூச்சிங்க. கள்ளியோட சத்தை உறிஞ்சிக் கொன்னுரும். சிலோன்ல இருந்து வருது" என்றார். கள்ளியும் நம் ஊர்ச் செடி இல்லையாம், அதுவும் எப்போதோ கப்பலில் வந்ததுதானாம்.

பூச்சிக்கு இறக்கை உண்டா, எத்தனை கால், மழை பெய்தால் என்ன ஆகும் என்று அவரைக் குடைந்து எடுத்துவிட்டேன். இறக்கை ஆணுக்கு மட்டும். குஞ்சுகள் காற்றில் பறக்கும், துணியில் ஒட்டிக்கொண்டும் போகும். பெருமழைக்கு மட்டும் தாங்காது. "வெச்சுட்டுத் தொடாம உட்டுருங்க" என்று இரண்டு மடலைக் கொடுத்தார்.

வைத்தேன். விடிந்ததும் போய்ப் பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. சித்திரைக்குள் ஓரத்துச் செடிகளெல்லாம் வெள்ளை. ஒரு பொட்டை நகத்தால் நசுக்கினால் ரத்தமாக வந்தது. வேட்டியில் பட்ட கறை நாலு வெளுப்புக்கும் போகவில்லை. மிளகு அளவுகூட இல்லாத உடம்பில் இத்தனை சிவப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கு ஆச்சரியம் தீரவே இல்லை.

அதே சிவப்பைத்தான் ஊரும் ஒருநாள் பார்த்தது. வழியில் போன யாரோ தடியால் தட்ட, கள்ளி ரத்தம் சிந்தியது. மேலெல்லாம் வெள்ளை முத்து, தொட்டால் ரத்தம். மாரியம்மன் கோயில் பூசாரி சின்னண்ணன் வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா கள்ளி மேல எறங்கீருக்கறா. முத்து எறங்கி மூணு தண்ணி ஊத்தற வரைக்கும் ஒருத்தரும் இதைத் தொடப்படாது. ஊருக்குள்ள தாளிக்கப்படாது."

அப்போதே வாயைத் திறந்திருக்கவேண்டும். ஆனால் பூச்சி என்று சொன்னால் அடுத்த நாழிகையில் தீ வைத்துவிடுவார்கள். அம்மை என்றால் ஒருவர் விரலும் மேலே படாது. இலாகாக்காரர் சொன்ன காவலை மாரியாத்தாவே போட்டுக் கொடுத்தபிறகு நான் எதற்குக் குறுக்கே போகவேண்டும்? சும்மா இருந்துவிட்டேன்.

மனிதனுக்கு வந்த அம்மை மூன்று வாரத்தில் இறங்கும். இந்த முத்து இறங்கவா செய்யும்? நாளுக்கு நாள் பெருகியது. இரண்டு மாதம் ஊரே கடுகு தாளிக்காத குழம்பைத் தின்றது.

"உங்க பூச்சிக்காவ ஊரு பூராவும் பத்தியம் கெடக்குது. சொல்லிப்போடுங்க" என்றாள் சௌந்திரம்.

"கெணறு தெரியட்டும், சொல்லிக்கலாம்" என்றேன்.

பக்கத்துக் காட்டுக்காரி பொன்னாத்தாள். எனக்கு அக்கா முறை. புருஷன் இல்லை, முப்பத்திரண்டு செம்மறி ஆடுகள்தான் அவளுக்கு எல்லாம். ஆட்டுப்பட்டிக்கு வேலியும் அதே கள்ளிதான். ஆனால் எங்கள் காட்டில் இருந்ததுபோலக் கண்டபடி வளரவிடாமல், சுவர் மாதிரி ஒழுங்காக வளர்த்திருந்தாள். ஓநாய் மூக்கைக்கூட நுழைக்க முடியாது. ஆட்டுக்கும் அம்மை வரும் அல்லவா, அந்தப் பயம் அவளுக்கு. தினமும் காலையில் செம்பில் மஞ்சள் தண்ணீரோடு என் காட்டுக்கு வந்து, வேப்பங்கொத்தால் கள்ளியின் மேல் தெளிப்பாள். தண்ணீரில் பூச்சி கழுவிக்கொண்டு போய்விடுமோ என்று முதல் நாள் எனக்குப் பகீரென்றது. போகவில்லை.

தெளித்து முடித்ததும் அந்தக் கொத்தைக் கள்ளி மடலில் ஒற்றி எடுப்பாள். அம்மனிடம் வாங்கிய கொத்து வாசலில் இருந்தால் அம்மை உள்ளே வராது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதைக் கொண்டுபோய்த் தன் பட்டி வேலியில் செருகுவாள். தினம் ஒரு கொத்து, தினம் ஒரு இடம்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த இலையில் குஞ்சுகள் தூள் தூளாக ஊர்வது என் கண்ணுக்குத் தெரிந்தது. "அக்கா, நில்லுங்க" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அவள் குனிந்த தலை நிமிராமல் என்னைத் தாண்டிப் போவாள். நான் பூச்சியின் காலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் கள்ளி அழுகிச் சரிந்தது. ஒரு காலையில் நானும் சௌந்திரமும் கருத்த மடல்களை மிதித்துக்கொண்டே உள்ளே போனோம். கல் கட்டிய கிணறு. படிக்கட்டு. எட்டாவது படியில் தண்ணீர். சௌந்திரம் இறங்கி முகம் கழுவிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். முத்து இறங்கிவிட்டது என்று சின்னண்ணன் மூன்று தண்ணீர் ஊற்றினார், ஊர் தாளித்தது. நான் மிளகாய் நாற்று நட்டேன். ஊருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை.

ஐப்பசி தொடக்கத்தில் ஒருநாள் விடியும்போது பொன்னாத்தாள் அலறுவது கேட்டது. ஓடினேன். பட்டியில் ஏழு ஆடுகள் கழுத்து கிழிந்து கிடந்தன. நாலைக் காணவே இல்லை. வேலி இருந்த இடத்தில் கருத்த மடல்கள் சரிந்து கிடந்தன. சரிந்ததன் நடுவே, வரிசையாக, காய்ந்த வேப்பங்கொத்துகள்.

"என்ன கொறை வெச்சேன் ஆத்தாளுக்கு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

அதற்குமேல் தாங்க முடியவில்லை. சந்தை, கூடை, பூச்சி, நான் வாய் திறக்காமல் இருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். தூற்றியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அந்தப் பூச்சியக் காட்டு" என்றாள்.

சரிந்த மடலில் மிச்சமிருந்த ஒரு பொட்டைப் பிய்த்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். பஞ்சை விலக்கிப் பார்த்தாள். விரலால் அழுத்தினாள். சிவப்பு ரேகைக்குள் ஓடியது.

"இத்துணூண்டா?" என்றாள். கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு, "கள்ளிதான் தீந்துபோச்சே சாமி. இனி இது எதைத் திங்கும்?"

"தெரியலீங்க அக்கா."

"தெரியாமயேவா கொண்டாந்தே?"

அத்தனை கேள்வி கேட்ட நான் இதைக் கேட்கவில்லை. கிணறு ஒன்றுதான் அப்போது கண்ணில் இருந்தது.

மீந்த இருபத்தோரு ஆடுகளையும் அன்றே என் காட்டுக்கு ஓட்டிவந்தேன். கிளுவை மரத்துப் போத்து வெட்டி நட்டுப் புதிதாகப் பட்டி கட்டினேன். பொன்னாத்தாள் ஆடுகளின் பின்னாலேயே வந்தாள். கிணற்றில் ஒரு வாய்த் தண்ணீர்கூட அவள் குடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் தினமும் காலையில் வந்துவிடுவாள். ஒரு பாத்தியில் நான், அடுத்த பாத்தியில் அவள். மிளகாய்ச் செடியை இலை இலையாகத் திருப்பி, அடியில் வெள்ளைப் பொட்டு இருக்கிறதா என்று பார்க்கிறோம். இதுவரை ஒன்றுமில்லை. நாளைக்கும் பார்க்கவேண்டும்.