மூக்குக்கல்

புருஷன் கடைசியாகப் பேசிய வார்த்தையைப் பார்லரம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். புருவம் திருத்த வந்தவர்கள், முடிக்குச் சாயம் போட வந்தவர்கள், சும்மா ஏசி காற்று வாங்க வந்தவர்கள், ஒருத்தரையும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்த மனுஷன் இவள் கையைப் பிடித்து, "மூக்குக்கல்ல மறந்துடாத" என்றாராம். அதோடு பேச்சு நின்றுவிட்டதாம்.

அவளுடைய மூக்குத்தியில் கல் விழுந்து மாதக்கணக்காகியிருந்தது. யாருக்கோ தலை அலசிவிடும்போது தொட்டியில் விழுந்து, நுரையோடு நுரையாகச் சாக்கடைக்குப் போய்விட்டது. மாற்றலாம் மாற்றலாம் என்று வெறும் குழியோடு திரிந்தாள். சாகிற நேரத்தில் அந்த மனுஷனுக்கு அது ஞாபகம் வந்ததென்றால் பாருங்களேன் என்று அவள் சொல்லும்போது கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். முகத்தில் பூச்சு அப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் துடைக்க வழியில்லாமல் தவிப்பார்கள். காரியமெல்லாம் முடிந்த கையோடு அவள் மூக்குத்திக்குப் புதுக் கல் வைத்தாள். கொஞ்சம் தாராளமான கல்.

அவள் தங்கைக்குப் பொறாமை தாங்கவில்லை. தன் புருஷன் சாகும்போது டிவி ரிமோட் எங்கே என்றுதான் கேட்பார் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

பார்லரம்மா அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை. மனுஷன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் பழுதான லிஃப்டோடு பேசுவார், சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பிளாஸ்டிக் விமானத்தோடு பேசுவார். பெண்டாட்டியிடம் பேசுவது ஒன்றே ஒன்றுதான்: மறந்துடாத. சாவிய மறந்துடாத, கேஸ மூட மறந்துடாத, என் மாத்திரைய மறந்துடாத. அவரோ எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் ஜாதியில்லை. இவளிடம் சொல்லிவிட்டால் அவர் வேலை முடிந்தது. இவளும் எதையும் மறந்ததில்லை.

அந்த விமானக் கூத்து தனிக்கதை. எந்தக் காலத்திலோ யாரோ யாரையோ சுட்டுத் தள்ளிய போர் விமானம். அதைக் கைக்கு அடக்கமாகச் சின்னதாக்கிப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். துண்டு துண்டாக வெட்டியெடுத்து, ராவி, ஒட்டி, வர்ணம் பூச வேண்டும். நிஜ விமானத்தில் அவர் ஏறியதே கிடையாது, உயரம் என்றால் பயம். வருஷத்துக்கு ஒன்று செய்து, விமான பொம்மைச் சங்கத்தின் போட்டிக்கு எடுத்துக்கொண்டு போவார். ஞாயிற்றுக்கிழமை பார்லரில் கூட்டம் அள்ளும், அதனால் இவள் ஒரு தடவையும் கூடப் போனதில்லை. திரும்பி வந்ததும் என்ன ஆச்சு என்று கேட்பாள். "உக்காந்துடுச்சு" என்பார். வியாபாரம் உட்கார்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, போகட்டும் விடுங்கள் என்பாள்.

அவர் போன பிறகு ஒருநாள் கர்னல் வந்தார். பட்டாளத்துக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது, மருந்துக்கடை வைத்திருந்தவர். மீசையையும், சங்கத் தலைவர் பதவியையும் வைத்து அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. துக்கம் விசாரிக்கத்தான் வந்தாராம். முகம் துக்கமாகத்தான் இருந்தது, கண் மட்டும் அலமாரிக்கு மேலேயே இருந்தது. அங்கே பாதியில் நின்ற விமானம் கிடந்தது. உடம்பு ஒட்டியாகிவிட்டது, இறக்கை ஒட்டியாகிவிட்டது, வர்ணம் பூசவில்லை, சக்கரமும் மூக்கில் சுற்றும் காற்றாடியும் தனியாக ஒரு மாத்திரை டப்பாவில் இருந்தன.

இது இனி சந்தையில் கிடைக்காத பெட்டி, வீணாகக் கிடக்க வேண்டாம், நானே எடுத்துப் போய் முடித்துப் போட்டியில் வைக்கிறேன் என்றார் கர்னல். யார் பேரில் வைப்பீர்கள் என்று இவள் கேட்டாள். முடிக்கிறவன் பேரில்தான் வைப்பது வழக்கம் என்று மீசையைத் தடவினார்.

அவளுக்குச் சுருக்கென்றது. வருஷா வருஷம் பரிசு வாங்குவது இந்த மீசைதான் என்று அவளுக்குத் தெரியும். மனுஷன் இருந்தவரை தோற்கடித்தது போதாதா, செத்த பிறகு அவர் கைவேலையையும் தூக்கிக்கொண்டு போய் அதில் தன் பேரை எழுதுவானா?

"நானே முடிக்கிறேன்" என்றாள்.

கர்னல் சிரிக்கவில்லை, அதுவே சிரித்த மாதிரி இருந்தது. சரி, ஆனால் போட்டி மேசையில் அது சொந்தக் காலில் நிற்க வேண்டும், அதுதான் சங்கத்தின் முதல் விதி என்றார். நிற்காவிட்டால் என்னிடம் கொடுத்துவிட வேண்டும், சம்மதமா என்றார். ஆத்திரத்தில் இருந்தவள் சம்மதம் என்றாள். ரோஷம் வந்தால் அவளுக்கு வாய் முந்திக்கொள்ளும்.

அப்புறம் பார்லரில் ஒரு மூலை விமானத்துக்கு ஆனது. இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. ஒட்டின விளிம்பை ராவுவதற்கு நகம் ராவும் அரம் போதும். அடிப்பூச்சு என்பது ஃபவுண்டேஷன்தான், முகமும் விமானமும் அதில் ஒன்று. பைலட் உட்காரும் கண்ணாடிக் கூண்டின் சட்டங்களுக்கு வர்ணம் பூசுவது, புருவத்துக்குக் கோடு இழுப்பதைவிடச் சுலபம். கண்ணாடி மேல் டேப் ஒட்டி, விளிம்போடு கத்தியால் கீறி, வெளியே தெரிந்த இடத்தில் மட்டும் பூசினாள். எண்ணும் சின்னமும் தண்ணீரில் ஊறவைத்து நழுவவிட்டு ஒட்டும் வகை. நகத்தில் பூப்போட்ட ஸ்டிக்கர் ஒட்டியே காலம் தள்ளியவளுக்கு அது ஒரு வேலையா?

மேலே இலைப்பச்சை, வயிற்றில் சாம்பல். வாலில்தான் அவளுக்குத் திருப்தியே வரவில்லை. ஒரு பூச்சில் திட்டுத் திட்டாகத் தெரிந்தது, இரண்டாவது பூசினாள். அதுவும் பிடிக்காமல் மூன்றாவது. கல்யாணப் பெண்ணுக்குப் பூசுகிற மாதிரி அப்பிக்கொண்டே போனாள்.

கடைசியில் அழுக்குப் பண்ண வேண்டும் என்றது பெட்டியோடு வந்த படம். புகை படிந்த மாதிரி, பைலட் மிதித்து மிதித்து இறக்கையில் பெயிண்ட் உதிர்ந்த மாதிரி. இங்கேதான் அவள் முரண்டு பிடித்தாள். வயதையும் அழுக்கையும் துடைத்தெறிந்துதான் அவள் இத்தனை காலம் சோறு சாப்பிட்டது. பளபளவென்று வந்திருக்கிற ஒன்றைக் கை கூசாமல் கெடுப்பதா? தங்கைதான், மாமா செய்ததெல்லாம் அழுக்காகத்தானே இருக்கும் என்று ஞாபகப்படுத்தினாள். மனசில்லாமல் பழுப்பு ஐ ஷேடோவை எடுத்துப் புகைக்குழாய் பக்கத்தில் லேசாக ஒற்றினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, பெயிண்ட் உதிர்ந்த மாதிரி தெரிய ஸ்பாஞ்சால் இறக்கையில் இரண்டு இடத்தில் வெள்ளி நிறத்தை ஒற்றினாள். அதற்குமேல் முடியாது என்று சொல்லிவிட்டாள்.

சக்கரங்களைப் போட்டிக்கு முந்தின நாள்தான் ஒட்டினாள். விமானத்தை மல்லாக்கப் போட்டு, மூக்குக்குக் கீழே ஒரு கால், இறக்கைகளுக்குக் கீழே இரண்டு கால் என்று ஒட்டி, கோந்து காய அப்படியே விட்டாள். காற்றாடிக்குக் கோந்து போடக் கூடாது, சொருகத்தான் வேண்டும், அப்போதுதான் சுற்றும். அது அவளுக்குத் தெரியும். ஒருநாள் தூசி தட்டும்போது கழன்று விழுந்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். மறுநாள் காலை, ஹேர் டை வந்த அட்டைப்பெட்டியில் பஞ்சு வைத்து, மல்லாக்கக் கிடந்ததை மல்லாக்கவே தூக்கிக்கொண்டு, பார்லரைப் பூட்டிவிட்டுத் தங்கையோடு கிளம்பினாள்.

கூடத்தில் நீள மேசைகள். மேசைக்கு மேசை விமானங்கள், விமானத்துக்கு விமானம் தொப்பை வைத்த ஆண்கள். பெண்கள் என்று பார்த்தால் இவர்கள் இரண்டு பேர்தான். அவள் பெட்டியைத் திறந்ததும் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். பூச்சைப் பார்த்த ஒருத்தர் உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினார். அது பாராட்டு என்று தங்கை காதில் சொன்னாள். கர்னல் முன்னால் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அவள் விமானத்தைத் திருப்பி, மூன்று சக்கரமும் படும்படி மேசையில் வைத்துக் கையை எடுத்தாள்.

விமானம் ஒரு கணம் யோசித்தது. அப்புறம் மூக்கை வானத்துக்குத் தூக்கி, வாலைத் தரையில் ஊன்றி, சாப்பிட்டு முடித்த மாமனார் மாதிரி ஹாயாக உட்கார்ந்துவிட்டது.

கூடம் கொல்லென்று சிரித்தது. அவள் மூக்கைப் பிடித்து அழுத்தினாள். விட்டதும் மறுபடி உட்கார்ந்தது.

கர்னல் குனிந்து பார்த்தார். பேச்சில் வெற்றிகூட இல்லை, சலிப்புதான் இருந்தது.

"இந்த வருஷமும் உக்காந்துடுச்சா? வருஷா வருஷம் இதே கதைதான். மூக்குக்கல்ல மறந்துடுவான்."

"என்னது?"

"மூக்குக்கல்லும்மா. மூக்குக்குக் கீழ சக்கரம் இருக்கிற விமானத்துக்கு, மூக்குக்குள்ள எடை வைக்கணும். எடைக்கல்லு மாதிரி. இல்லேன்னா வால் கனத்துல உக்காந்துடும்."

பார்லரம்மாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. தங்கை அவளைப் பார்த்தாள், பார்த்துவிட்டு அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கர்னல் காற்றாடியை உருவி, மூக்குத் துளைக்குள் டார்ச் அடித்து விளக்கிக்கொண்டிருந்தார். உள்ளே ஈயம் கொஞ்சம் இருக்கிறது, கடைசிக் கல் ஒன்று பாக்கி, அது போதாதென்று நீங்கள் வாலுக்கு இத்தனை பூசியிருக்கிறீர்கள் என்றெல்லாம் சொன்னார். அவள் எதையும் கேட்கவில்லை.

அடப்பாவி மனுஷா. ஊர் முழுக்கச் சொன்னேனே. கேட்டவர்களையெல்லாம் அழவைத்தேனே. சாகிற நேரத்தில் பெண்டாட்டி மூக்கு ஞாபகம் வந்தது என்று நம்பி, காசைக் கொட்டிக் கல் வைத்தேனே. உனக்கு ஞாபகம் வந்தது இந்தப் பிளாஸ்டிக் சனியனின் மூக்கா? அவர் உயிரோடு இருந்திருந்தால் அந்த இடத்திலேயே நாலு கேள்வி கேட்டிருப்பாள். கேட்க ஆள் இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பரவாயில்லை, வாலுக்கடியில் ஒரு குச்சி முட்டுக் கொடுத்துப் பார்வைக்கு வைக்கும் மேசையில் வைத்துக்கொள்ளலாம் என்றார் கர்னல். போட்டி மேசையில் வைக்க முடியாது. பதிவு முடியப்போகிறது, ஈயம் இப்போது யாரிடமும் இல்லை. சாயங்காலம் நானே வீட்டுக்கு எடுத்துப் போகிறேன், பேசியபடி என்றார். சொல்லிக்கொண்டே விமானத்தின் பக்கம் கையை நீட்டினார்.

அந்தக் கையைப் பார்த்ததும்தான் அவளுக்கு அது உறைத்தது. மறந்துடாத என்று ஏன் அவளிடம் சொன்னார்? வருஷா வருஷம் மறந்து, வருஷா வருஷம் தோற்று வந்த மனுஷன், கடைசியில் அதை யாரிடம் ஒப்படைத்தார்? சாவியை, கேஸை, மாத்திரையை யாரிடம் ஒப்படைத்தாரோ அவளிடம்தான். அவருக்குத் தெரிந்த கொஞ்சல் அது ஒன்றுதான். இவள்தான் முதன்முறையாக ஒன்றை மறந்துவிட்டாள்.

"கைய எடுங்க" என்றாள்.

மூக்கில் கைவைத்துத் திருகாணியைக் கழற்றினாள். மூக்குத்தியை உருவினாள். புதுக்கல், தாராளமான கல். பார்லரில் முடி பிடுங்கும் இடுக்கியைக் கைப்பையிலிருந்து எடுத்து, அதைக் கல்லோடு விமானத்தின் மூக்குத் துளைக்குள் தள்ளி, காற்றாடியைச் சொருகி, கையை எடுத்தாள்.

விமானம் மூக்கைப் பாதி இறக்கியது. ஊசலாடியது. மறுபடி உட்கார்ந்துவிட்டது.

"இதுவும் பத்தலையா உனக்கு?" என்றாள் பார்லரம்மா, விமானத்தைப் பார்த்து. ஆனால் அவள் கேட்டது விமானத்தை இல்லை என்று தங்கைக்குத் தெரிந்தது.

உள்ளங்கையில் திருகாணி மட்டும் மிச்சமிருந்தது. காற்றாடியை உருவி அதையும் உள்ளே போட்டாள். சொருகினாள். விட்டாள்.

டக்கென்று மூக்குச் சக்கரம் மேசையில் பட்டது. அப்படியே நின்றது. ஒருத்தர் மேசையைத் தட்டிப் பார்த்தார், அப்போதும் நின்றது. கர்னல் நீட்டின கையை எடுத்து மீசையில் வைத்துக்கொண்டார். பிறகு பேர் எழுதும் அட்டையை அவரே எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் புருஷன் பேரைப் பெரிதாக எழுதினாள், தன் பேரை அதற்குக் கீழே எழுதினாள்.

பரிசு கர்னலுக்குத்தான். இது போருக்குப் போகிற மாதிரி இல்லை, பெண் பார்க்கப் போகிற மாதிரி இருக்கிறது என்று நடுவர் எழுதிவிட்டார். அவள் அதைப் படித்துவிட்டு, மனுஷனுக்கு முகம் பார்க்கத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே விமானத்தைப் பெட்டியில் வைத்தாள். இந்தத் தடவை நிமிர்த்தியே வைத்தாள்.

மறுநாள் பார்லரில் புருவம் திருத்த வந்தவள் நாற்காலியில் சாய்ந்ததுமே கவனித்துவிட்டாள். வெறும் மூக்கு.

"என்னக்கா, கல்லு எங்க? மறந்துடாதன்னு அவர் அத்தனை சொல்லிட்டுப் போனாரே."

பார்லரம்மா நூலை வாயில் கடித்து இழுத்தாள். கண்ணாடிக்கு மேலே இருந்த பலகையில் விமானம் மூன்று காலில் நின்றிருந்தது.

"மறக்கலடி. வெச்சாச்சு" என்றாள். "கண்ண மூடு. நான் சொல்ற வரைக்கும் தொறக்காத."