மணிவேல் சாரிடம் இரண்டு சாவிகள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருள் என்னவென்று எழுதாமல் நான் எந்தக் கடிதத்தையும் தொடங்கியதில்லை.

எங்கள் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் நகராட்சிக்கு எழுதுவது நான். கிரிவலப் பாதையில் விளக்கு எரியாவிட்டால் மின்வாரியத்துக்கு எழுதுவதும் நான்தான். அனுப்புநர், பெறுநர், பொருள், அப்புறம் ஐயா. திருவண்ணாமலையில் நான் படித்த அரசுப் பள்ளி கற்றுக்கொடுத்த வரிசை அது. முதலில் ஒரு கரட்டுப் படி, அதைத் திருத்தி ஒரு நல்ல படி. தெருவில் எனக்குள்ள மரியாதை முழுக்க அந்த நல்ல படியால் வந்தது.

போன மாதம் என் மகள் வேதா ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். நான் படித்த அதே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

"பஸ் டைம் மாத்தச் சொல்லி எங்க கிளாஸ் சார்பா ஒரு லெட்டர்ப்பா. வினோதினி மிஸ் லேப்ல சொல்லிக் குடுத்தாங்க. கம்ப்யூட்டர்கிட்ட கேட்டோம், அதுவே எழுதிடுச்சி. நாங்க ஊர் பேரு மட்டும் சரி பண்ணோம்."

தப்பு தேடித்தான் படித்தேன். இரண்டாவது பத்தியில் நான் எப்போதும் திணறுவேன். கோபமும் தெரியக் கூடாது, கெஞ்சலும் தெரியக் கூடாது, காரியமும் நடக்க வேண்டும். அந்தத் தாளில் இரண்டாவது பத்தி தண்ணீர் மாதிரி ஓடியது.

"எப்டி இருக்குப்பா?"

"பரவால்ல."

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. [மிகை. சோறு இறங்கியது. ரசம் வேண்டாம் என்றேன், அவ்வளவுதான்.]

அந்த ஆசிரியைக்கு உண்மையில் வேறு பெயர். வினோதினி என்று நான் மாற்றிக்கொண்டேன். அவரைக் கதைக்குள் கொண்டுவந்து நாலு பேர் முன்னால் தலைகுனிய வைப்பது என் திட்டம். [கரட்டுப் படியில் 'அவளை' என்று இருந்தது. வேதா திருத்தினாள்.]

2

முதல் தொடக்கம்: "வினோதினி என்ற கணினி ஆசிரியைக்குத் தமிழில் நாலு வரி தவறில்லாமல் எழுத—"

அடித்துவிட்டேன். எழுதுவார். பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் தொடக்கம்: "அரசுப் பள்ளிகளுக்குக் கணினி வந்தபின் பிள்ளைகள் தாமாக யோசிப்பதையே—"

இது கதையில்லை, பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம். இப்படி ஒன்று ஏற்கெனவே அனுப்பினேன், போடவில்லை.

மூன்றாம் தொடக்கம்: "கார்த்திகை தீபத்தன்று காலை மணிவேல் சார் கையில் இரண்டு சாவிகள் இருந்தன."

இது நின்றது. மணிவேல் தமிழாசிரியர், நூலகமும் அவர் பொறுப்பு. நான் அவர் இல்லை. அவருக்குக் கண்ணாடி உண்டு, அரசுச் சம்பளம் உண்டு. ஆனால் ஒன்றை மட்டும் என்னிடமிருந்து கொடுத்திருக்கிறேன். மதிய இடைவேளையில் கணினி ஆய்வக* வாசலில் பிள்ளைகள் கழற்றிப் போட்ட செருப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். எதிரே நூலக வாசலில் வெறும் சிமெண்ட் தரை. மணிவேல் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டு அந்தச் செருப்புகளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

* ஆய்வகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பாதி நாள் ஆசிரியர்களே உட்கார்ந்து வருகைப் பதிவையும் பிள்ளைகள் விவரத்தையும் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். மிச்ச நேரம்தான் பிள்ளைகளுக்கு. அந்த மிச்ச நேரத்தில் வினோதினி என்னவெல்லாம் செய்தார் என்று சொன்னால் கதை அவர் பக்கம் சாய்ந்துவிடும். அதனால்தான் இதை அடியில் தள்ளியிருக்கிறேன்.

3

தீபத்துக்குப் பாதுகாப்புக்காக வெளி மாவட்டங்களிலிருந்து போலீசார் வந்து இறங்குவார்கள். தங்க வைப்பது பள்ளிகளில். எந்த அறை யாருக்கு என்று கதவில் சாக்பீஸால் எழுதுவது வருஷா வருஷம் மணிவேல் சார் வேலை. இந்தத் தடவை எல்லா அறையும் நிறைந்தபிறகு, தீபத்தன்று காலையில், பெண் போலீசார் ஒரு வேன் நிறைய வந்துவிட்டார்கள். அவர்களுக்கு உள்ளே தாழ்ப்பாள் போட முடிகிற அறை வேண்டும். தாழ்ப்பாள் ஒழுங்காக விழுவது ஆய்வகத்திலும் நூலகத்திலும் மட்டும்தான். மணிவேல் சார் கையில் இருந்தவை அந்த இரண்டின் சாவிகள்.

அதே காலை பத்து மணிக்குக் கவியா ஆய்வகத்தில் ஓர் இணையத் தேர்வு எழுத வேண்டும். கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெண், பன்னிரண்டாம் வகுப்பு. தேறினால் சென்னையில் ஒரு கல்லூரியில் படிப்பு முழுக்கக் கட்டணமில்லை. தேறாவிட்டால் அப்பா கடலைக் கொல்லையில் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

4

"பொண்ணுங்க விழுப்புரத்துலேர்ந்து நின்னுக்கினே வந்தாங்க சார். தாழ்ப்பாள் இருக்கற ரூமா ஒண்ணு குடுங்க, ஃபேன் ஓடினா போதும்" என்றார் உதவி ஆய்வாளர் ரேணுகாம்பாள்.

"ரெண்டுதாங்க இருக்கு" என்றார் மணிவேல்.

"ஒண்ணே போதும். நாங்க என்ன கல்யாணமா நடத்தப் போறோம்?"

வினோதினி மாடியிலிருந்து இறங்கி வந்தார். "சார், லேப் மட்டும் வேணாம். பத்து மணிக்குக் கவியாவுக்கு டெஸ்ட். ஹெச்செம்கிட்ட கேட்டுட்டேன்."

"தீபத்தன்னிக்கு எவம்மா டெஸ்ட் வைப்பான்?"

"நம்ம மாவட்டத்துக்குத்தானே சார் லீவு. அவங்களுக்கு இது சாதா நாள்."

"போன்ல எழுதட்டுமே. எல்லாந்தான் போன்ல வருதுன்றீங்க."

"போன்ல ஓப்பன் ஆவாது சார். ஓப்பன் ஆனாலும் இன்னிக்கு இருக்கற கூட்டத்துக்கு டவர் எங்க கெடைக்கும்? லேப்லதான் கேபிள் லைன் இருக்கு. லைப்ரரி சும்மாதானே சார் கெடக்குது?"

'சும்மா' என்ற சொல் மணிவேலுக்கு எங்கோ போய்த் தைத்தது. "புக்ஸ் இருக்கும்மா உள்ள. பூட்ஸ் காலோட போனா—"

"பூட்ஸ வெளிய வுட்டுடறோம் சார்" என்றார் ரேணுகாம்பாள். "புஸ்தகத்த ஒண்ணும் கடிச்சிட மாட்டோம்."

ஒரு பெண் காவலர் சிரித்தார். மணிவேல் சிரிக்கவில்லை.

"நான் வேணா கூட்டிக் குடுத்துடறேன் சார்" என்றார் வினோதினி.

"உள்ள தூசியா இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். ஜன்னல் வழியா தெரியும்."

5

இந்த இடத்தில் பேனாவை மூடி வைத்தேன்.

வினோதினி இங்கே திமிராக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அப்படித்தான் குறித்து வைத்திருந்தேன். கூட்டிக் கொடுக்கிறேன் என்று அவரைச் சொல்ல வைத்தது யார் என்று தெரியவில்லை. இரண்டு தடவை அடித்தும் அந்த வரி மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. நூலகத்தைத் திறந்தால் மாதக்கணக்கில் அங்கே யாரும் நுழையவில்லை என்பது எல்லார் கண்ணிலும் படும். துடைப்பத்தோடு நிற்கிற வினோதினி கண்ணில் முதலில் படும். மணிவேலுக்கு அதுதான் கஷ்டம்.

முடிவு (அ): ஆய்வகச் சாவியை ரேணுகாம்பாளிடம் கொடுத்தார். களைத்த பெண்கள் ஆய்வக ஏசியில் தூங்கினார்கள். கவியா படிக்கட்டில் உட்கார்ந்து, போனில் வட்டம் சுற்றுவதைப் பத்து மணி தாண்டியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை ஓர் அடித்தல்கூட இல்லாமல் எழுதினேன். வேதா படித்தாள்.

"கவியா என்னப்பா தப்பு பண்ணா?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்புறம் அவ டெஸ்ட் எதுக்குப் போச்சி?"

"மணிவேலுக்கு வயித்தெரிச்சல்."

"மணிவேலுக்கா?" என்றாள்.

முடிவு (ஆ): நூலகம் திறந்தது. கவியா எழுதினாள், தேறினாள். பள்ளி வாசலில் ஃபிளக்ஸ் வைத்தார்கள். கவியா படத்துக்குப் பக்கத்தில் வினோதினி மிஸ் படம், அது எத்தனை பெரியதென்றால்—

அங்கேயே நிற்கிறது. மேலே போக முடியவில்லை.

முடிவு (இ): தாழ்ப்பாளோடு மூன்றாவது அறை ஒன்று கண்ணில் பட்டது. [அரசுப் பள்ளியில் அறை அத்தனை சுலபமாகக் கிடைக்காது. அடித்தாயிற்று.]

"ரொம்ப கஷ்டப்படாதப்பா" என்றாள் வேதா. "நாளைக்கு லேப்ல குடுத்துப் பாக்கறேன். அதுவே முடிவு எழுதிடும்."

தாள்களை அவள் கையிலிருந்து வாங்கி என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

6

ஆகவே உங்களிடம் வருகிறேன். அதனிடம் கொடுப்பதைவிட உங்களிடம் கொடுப்பேன். நீங்களாவது முடிவெழுதத் திணறுவீர்கள். அந்தத் திணறலைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். [இதைச் சொல்லியிருக்கக் கூடாதுதான். இருக்கட்டும்.]

நூலகத்தைத் திறப்பதானால், வினோதினி கூட்டி முடிக்கும்வரை மணிவேலை அங்கேயே நிற்க வையுங்கள். அவர் நழுவப் பார்ப்பார். நான் நிற்க வைத்துப் பார்த்தேன், என்னால் முடியவில்லை. ஆய்வகத்தைத் திறப்பதானால், கவியாவிடம் விஷயத்தை நீங்களே சொல்லிவிடுங்கள். மணிவேல் சொல்ல மாட்டார், நானும் சொல்வதாக இல்லை.

ரேணுகாம்பாள் கையை நீட்டியபடி நிற்கிறார். கூட்டத்தால் பஸ்களை ஊருக்குள் விடவில்லை. கவியா திண்டிவனம் சாலையில் தற்காலிக நிலையத்திலேயே இறங்கிவிட்டாள். தண்ணீர் பாட்டிலும் கையுமாக ஜனத்தோடு ஜனமாக நடந்து வருகிறாள். நல்ல வேகமாகவே நடக்கிறாள். அவள் பள்ளி கேட்டுக்குள் நுழையும்போது எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.