தீர்த்தத்தின் சூடு

ரசாயன வினையில் எவ்வளவு சூடு பிறக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் லாவண்யாவின் வேலை. மருந்துக்கு மூலப்பொருள் செய்யும் சின்னக் கம்பெனி, ஓசூர் சிப்காட்டில். அவள் கணக்கை நம்பித்தான் ஆபரேட்டர் கோபி ரியாக்டர் என்ற பெரிய கலத்துக்குள் கந்தக அமிலத்தை விடுவான். ஒருநாளும் பிசகியதில்லை. பிசகியது ஆயுத பூஜையில்.

ரியாக்டரைக் கழுவி, ஒட்ட வடித்து, உலர்த்தி, சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். எல்லா மெஷினுக்கும் தெளித்த பிறகும் குடத்தில் பாதிக்கு மேல் பூஜைத் தண்ணீர் மிச்சமிருந்தது.

"அக்கா, உள்ளயும் ஊத்துங்க. வருசம் பூரா நல்லா ஓடட்டும்" என்று கோபி மூடியைத் திறந்து பிடித்தான். ஊற்றினாள். கந்தக அமிலமும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், எம்.எஸ்ஸி. படித்தவளுக்குத் தெரியாதா? ஆனால் அன்றைக்கு அது ரியாக்டர் இல்லை, சாமி. காலையில் வந்து வடிக்கச் சொல்லலாம் என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் தாண்டிவிடக் கூடாதென்று அவள் வருவதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். தீர்த்தத்தைக் கழிவுக் கால்வாயில் விட மனசு வரவில்லை என்று கோபி தன்னோடு நின்றவனிடம் சொன்னானாம். அமிலம் இறங்கியதும் உள்ளே கொதிக்கிற சத்தம். என்னவென்று மூடியைத் திறந்து பார்த்தான். கொதித்த அமிலம் முகத்திலேயே அடித்தது. சில நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனான்.

விசாரணைக்கு வேண்டுமென்று மேனேஜர் பாஸ்கரன் அவளிடமே கணக்குக் கேட்டார். சூடு ஏறிய அளவிலிருந்து பின்னோக்கிப் போனால் உள்ளே எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று தெரிந்துவிடும். போட்டாள். அரைக் குடத்துக்குச் சற்று மேல். கழுவிய தண்ணீர் மிச்சம் என்று எழுதிக்கொண்டார் பாஸ்கரன்.

"சார், அது கழுவுன தண்ணி இல்ல. நான் ஊத்துன தீர்த்தம்."

"பூஜை செஞ்சது முதலாளி வீட்டம்மா. சாமி தண்ணில ஆள் செத்தான்னு ரிப்போர்ட்ல எழுதச் சொல்றியா? தண்ணி தண்ணிதாம்மா. கோபி சரியா வடிக்கல, அவ்ளோதான்."

தண்ணீர் எவ்வளவு என்று கணக்குக்குத் தெரியும். யார் ஊற்றியது என்று தெரியாது. இதையா இத்தனை வருசம் நம்பினோம் என்று வெறுத்துப்போனது. கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். வேறொருவர் போட்டார்.

கோபியின் ஊரான பேரிகைக்குப் பஸ் ஏறினாள். கோபியின் அம்மா மாரம்மாவிடமாவது உண்மையைச் சொல்லாவிட்டால் சோறு இறங்காது என்றிருந்தது.

"அவன் மேல தப்பே இல்லம்மா. பூஜைத் தண்ணிய நாந்தான் உள்ள ஊத்துனேன். அதுலதான் அமிலம் கொதிச்சு..." ஓவென்று அழுதாள்.

மாரம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"சாமி தண்ணி எங்கனா சுடுமா கண்ணு? ஆபீஸ்காரங்க வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. எம் புள்ளதான் வேலைய ஒழுங்கா செய்யல. பெத்தவ மனசு நோவுமேன்னு நீ பழிய உம்மேல போட்டுக்கற."

"இல்லம்மா, நெசமாவே நான்தான்..."

"உடு கண்ணு. அவனால உங்களுக்கெல்லாம் எவ்ளோ கஷ்டம்" என்று மாரம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "எம் புள்ளய மன்னிச்சிருங்க."