லியோனாவும் பென்சீன் வளையமும்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் லியோனா திபோ. கனடாவின் வின்னிபெக்கில், கல்லூரி உணவகத்தில், பெரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையைத் தின்றுகொண்டே. "எழுதிக்கோ. ஆனா என்னை அழ வச்சுடாதே" என்றாள். நானோ இப்படித்தான் தொடங்கினேன்:

கலங்கிய கண்களோடு லியோனா தன் விடைத்தாளை...

(அடித்துவிட்டேன். அவள் கலங்கவில்லை. கடுப்பில் இருந்தாள்.)

2

முப்பத்தாறு வயதில் சலூன் வேலையை விட்டுவிட்டு மருந்தாளர் படிப்புக்கு வந்தவள். கரிம வேதியியலில் ஒருமுறை தோற்றாயிற்று. இன்னொரு முறை தோற்றால் இடம் போய்விடும். அவளை இடறிவிட்டது உடனிசைவு என்ற பாடம். பென்சீன் வளையத்தை இரண்டு விதமாக வரையலாம். ஆறு பிணைப்புகளில் ஒன்றுவிட்டு ஒன்று இரட்டை; அந்த இரட்டைகள் மட்டும் இடம் மாறும். மூலக்கூறு இதற்கும் அதற்கும் தாவிக்கொண்டே இருக்கிறது என்று நினைத்து, நடுவில் எதிரெதிராக இரண்டு அம்புகள் போடுவாள். போட்டபோதெல்லாம் சிவப்புச் சுழி.

(வேதியியல் கூடிவிட்டதோ? இருக்கட்டும். அவளுக்கு அப்போது வேறு கவலையே இல்லை.)

3

கூடப் படிக்கும் கிரெய்க் டிக்கை முதலில் காதலனாக எழுதினேன். "ச்சீ, அவன் எனக்குத் தம்பி மாதிரிடி" என்றாள் லியோனா. ஆகவே தம்பி. நூலகத்தில் நடந்தது:

"அது தாவலை லியோனா. எப்பவும் ஒண்ணேதான்."

"அப்புறம் எதுக்குடா ரெண்டு படம்?"

"ஒரு படத்துல அடங்கலை, அதான். உங்கப்பா பிரெஞ்சு, அம்மா உக்ரைன். நீ திங்கக்கிழமை பிரெஞ்சு, செவ்வாக்கிழமை உக்ரைனா?"

"லூசு! நான் எப்பவும் நான்தான்."

சொன்ன வாய் மூடவில்லை.

"அப்போ அந்த ஆறு பிணைப்பும்..."

"ஒரே நீளம். ஒத்தையும் இல்ல, இரட்டையும் இல்ல."

"கோளாறு படத்துலதான்! வளையத்துல இல்ல!"

நூலகமே திரும்பிப் பார்த்தது.

4

தேர்வில் அதே கேள்வி. பழகிய கை இரண்டு அம்புகளைப் போட்டுவிட்டது. பார்த்தாள். அடித்தாள். இரண்டு படமும் ஒரே மூலக்கூறுதான் என்று காட்டும் இருமுனை அம்பு ஒன்று போட்டாள்.

5

முடிவு அ: தேறினாள், கிரெய்க் அவளைத் தூக்கி...

(அவனால் தூக்க முடியாது.)

முடிவு ஆ: மற்ற கேள்விகளில் சறுக்கி...

மதிப்பெண் இன்னும் வரவில்லை. நேற்று பேருந்து நிறுத்தத்தில், பனி படிந்த கண்ணாடியில் விரலால் அறுகோணம் வரைந்து எனக்கு விளக்கினாள். அவள் விரல் சிவந்துபோயிருந்தது. எங்கள் பேருந்து வந்து, நின்று, போயும்விட்டது.

"அடுத்தது வரும். இதைக் கேளு" என்றாள்.

முடிவுக்கு அவளே அவசரப்படவில்லை. உங்களுக்கு அவசரமென்றால் நீங்களே ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். நான் அடுத்த பேருந்து வரும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.