முதுகுக் காற்று

ஆஸ்கெர் ஸ்கோவ்கோர் டென்மார்க்கின் சைக்கிள் சாம்பியன் ஆன ஞாயிற்றுக்கிழமை மாலையிலிருந்து, அவன் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் காற்று அவன் முதுகுப் பக்கமிருந்தே வீசியது. கிழக்கே திரும்பினால் மேல்காற்று. மேற்கே திரும்பினால் கீழ்க்காற்று. பரிசு மேடையில் வெள்ளைச் சிலுவை போட்ட சிவப்புச் சட்டையை அவனுக்குப் போட்டுவிட்டபோது, கழுத்துப்பட்டை பின்னாலிருந்து எழும்பி அவன் காதுகளில் படபடவென்று அடித்தது. அந்த வாரம் கூட்டுறவுக் கடையில் வெண்ணெய் விலையும் ஏறியிருந்தது. ஹாவ்ரூப் ஊரில் இரண்டையும் ஒரே குரலில்தான் பேசிக்கொண்டார்கள்.

ஹாவ்ரூப் இருக்கும் மேற்கு யூட்லாந்தில் காற்றைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. கடலிலிருந்து கிளம்பி, தடுக்க ஒரு மேடுகூட இல்லாமல் ஊருக்குள் வருகிறது. மரங்களெல்லாம் கிழக்கே சாய்ந்தே வளர்கின்றன. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குக் காலையில் முகத்தில் அடிக்கும், மாலையில் முதுகைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். காலையில் கொடுத்ததை மாலையில் வாங்கிக்கொள்வது எங்கள் ஊர் நியாயம். பாதிரியாருக்கும் அதே கணக்கு, பன்றி வளர்ப்பவனுக்கும் அதே கணக்கு. போகும்போதும் பின்காற்று, வரும்போதும் பின்காற்று என்று வாழ்ந்த ஒருவனை அதுவரை நாங்கள் கண்டதில்லை.

அந்தப் பந்தயம் நடந்தது இப்படித்தான். ஆஸ்கெரும் மொயன்ஸும் ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே பெல்ஜிய அணியில் சம்பளத்துக்கு ஓட்டியவர்கள். மொயன்ஸின் வேலை, ஆஸ்கெருக்கு முன்னால் போய்க் காற்றைத் தன் நெஞ்சில் வாங்குவதும், தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதும். அவன் பின்சக்கரத்துக்கு ஒரு கை தள்ளி ஒளிந்து வருவது ஆஸ்கெரின் வேலை. பல வருடம் அப்படி ஓடியதற்குக் கைம்மாறாக ஆஸ்கெர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். சாம்பியன் பந்தயம் என்றைக்கு ஹாவ்ரூப்புக்கு வருகிறதோ அன்றைக்கு ஜெயிப்பது மொயன்ஸ்தான் என்று. அந்த வருடம் பந்தயம் வந்தது. இருவரும் மற்றவர்களை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு, தனியாக ஊரை நோக்கி வந்தார்கள். எதிர்காற்று. முறைப்படி அன்று முன்னால் போக வேண்டியவன் ஆஸ்கெர். ஆனால் அவன், "காலு பிடிச்சுக்கிச்சுடா, நீ முன்னாடி போ, நான் சும்மா பின்னாலயே வந்துடறேன்" என்றான். மொயன்ஸ் நம்பினான். ஊர் எல்லையிலிருந்து காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தவன், பந்தயம் முடியும் கோட்டைத் தொடும் நேரத்தில் மூச்சில்லாமல் தலையைத் தொங்கப் போட்டான். அப்போது ஆஸ்கெர் பக்கவாட்டில் எழுந்து, அவனைத் தாண்டி, கையை உயர்த்தினான். "மொயன்ஸ் தளர்ந்துட்டான், பின்னாடி ஆளுங்க வந்துக்கிட்டிருந்தாங்க, நான் போகலைன்னா ரெண்டு பேருக்குமே கிடைச்சிருக்காது" என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னான். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் காற்று திரும்பியது என்று சிலர் சொல்கிறார்கள். கையை உயர்த்தும்போதே திரும்பிவிட்டது என்பது மற்றவர்கள் கட்சி.

மறுநாள் அவன் ரொட்டி வாங்கப் போனான். கடைக்காரி கூத்ரூன் அவன் வருவதையும் ஜன்னலில் பார்த்தாள், போவதையும் பார்த்தாள். "உனக்கென்னப்பா, வரும்போதும் காத்து தள்ளுது, போகும்போதும் காத்து தள்ளுது. குடுத்து வெச்சவன்" என்றாள். ஆஸ்கெருக்குக் காது மடல்கள் சுட்டன. வீடு வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தான். அப்போதும் காற்று அவனைத் தள்ளியது.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் அவன் ஜெயிக்காத பந்தயம் குறைவு. பிரான்ஸ் மலைகளில் காற்று அவனைப் பிடரியில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போனது. பெல்ஜியத்தில் ஃபிளாண்டர்ஸ் கல்தெருக்களில் மற்றவர்கள் பக்கக்காற்றில் சிதறியபோது, அவன் தபால்பெட்டியில் கடிதம் போடப் போகிறவனைப் போலப் போனான். அதிகாரிகள் ஒரு குச்சியில் கைக்குட்டையைக் கட்டி, அவனைச் சுற்றிச் சுற்றி வந்து சோதித்தார்கள். விதிகளில் மருந்து பற்றி இருந்தது, இயந்திரம் பற்றி இருந்தது, காற்று பற்றி எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஆஸ்கெர் மட்டும் ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் இன்னும் கொஞ்சம் குனிந்தான். கடைசியில் பிரேக்கை அழுத்திக்கொண்டே ஓட்டத் தொடங்கினான். அணியின் மெக்கானிக், மலை ஏறும் நாளில்கூட பிரேக் ரப்பர் தேய்ந்து வருவதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். பிரேக்கை அழுத்தியும் ஜெயித்த ஒரு நாளில், மேடையின் பின்புறமாக இறங்கிப் போய் ராஜினாமா செய்தான்.

மொயன்ஸ் அந்த சாம்பியன் பந்தயத்தோடு அணியை விட்டுவிட்டு ஊருக்கு வந்து தபால்காரன் ஆகியிருந்தான். மஞ்சள் சைக்கிளில் பண்ணை பண்ணையாகப் போவான். ஆஸ்கெரும் மனைவி லிஸ்பெத்தும் ஊரோடு வந்து குடியேறிய பிறகுதான் காற்றின் மறுபக்கம் தெரிந்தது. அவன் யார் முகத்தைப் பார்த்து நின்றாலும், அவன் முதுகில் அடிக்கும் காற்று எதிரே நிற்பவர் முகத்தில் அடித்தது. சாப்பாட்டு மேஜையில் மெழுகுவத்தி நிற்கவில்லை. லிஸ்பெத் குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே தலையில் துணி கட்டிக்கொண்டாள். மொயன்ஸ் கடிதத்தோடு வாசலுக்கு வந்த முதல் நாள் ஆஸ்கெர் கதவைத் திறந்து பார்க்க, எதிர்காற்றில் மொயன்ஸ் கண்ணை மூடிக்கொண்டு ஓரடி பின்வாங்கினான். பல வருடம் தனக்காக முகத்தில் காற்று வாங்கியவன் முகத்தில் மறுபடியும் காற்று. ஆஸ்கெரால் அதைத் தாங்க முடியவில்லை. மறுநாளிலிருந்து மணிச் சத்தம் கேட்டால் கதவைத் திறந்து முதுகைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் பின்னால் நீட்டுவான். கடிதம் கையில் விழும். வருடக்கணக்கில் அப்படியே நடந்தது. தெருவிலும் யார் எதிரே வந்தாலும் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வான்.

ஒரு நாள் லிஸ்பெத் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னாள். "ஊர்ல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? சாம்பியன் திமிராம். தபால்காரனுக்கெல்லாம் மூஞ்சியக் காட்ட மாட்டானாம்."

"அவன் மேல காத்தடிக்கக் கூடாதுன்னுதான்..."

"எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமா?"

வெட்கத்தை மறைக்க அவன் திருப்பிய முதுகு, கர்வமாக ஊர் முழுக்க உலா வந்துகொண்டிருந்தது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

ஜனவரியில் சைக்கிள் கழகத்தின் ஆண்டுக் கூட்டம். தலைவி கூத்ரூன்தான். கணக்கு வாசித்தார்கள், கழிப்பறைக்கு வெள்ளையடிப்பது பற்றி நெடுநேரம் சண்டை போட்டார்கள், கேக்கில் குட்டிக் கொடிகளைச் செருகிப் பரிமாறினார்கள். நிகழ்ச்சி நிரலில் கடைசியாக 'மற்றவை' வந்தது. அதில் யாரும் பேசாமல் வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். ஆஸ்கெர் எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றான். மேஜைக் காகிதங்கள் அவனை நோக்கிப் பறந்தன.

"சுவத்துக்கிட்டயா பேசப் போற? சுவரு சந்தா கட்டல. இந்தப் பக்கம் திரும்பு" என்றாள் கூத்ரூன்.

"திரும்பினா உங்க மேல அடிக்கும்."

"நாங்க என்ன கண்ணாடி அலமாரியிலயா பொறந்தோம்? திரும்புப்பா."

திரும்பினான். குட்டிக் கொடிகள் கேக்கோடு சாய்ந்தன. பொருளாளர் வழுக்கையை மூடி வாரியிருந்த முடி எழுந்து நின்றது. எல்லோரும் காப்பிக் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டார்கள். ஆஸ்கெர் சொன்னான்: "அன்னிக்கு எனக்குக் காலு பிடிக்கல. பொய் சொன்னேன். பின்னாடி யாரும் கிட்ட வரவுமில்ல. மொயன்ஸ் ஜெயிக்க வேண்டியது. நான் எடுத்துக்கிட்டேன்."

கூத்ரூன் மெதுவாகக் கேட்டாள். "இத எங்களுக்கு எதுக்குப்பா சொல்ற? நாங்க எல்லாரும் ரோட்டோரத்துலதானே நின்னோம்?"

ஊருக்கு முதல் நாளே தெரியும். கை தட்டியபோதே தெரியும். கழகச் சுவரில் அவன் படத்தை மாட்டியபோதும் தெரியும். இதுவரை அவன் பட்ட வெட்கமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆஸ்கெருக்கு அப்போது தோன்றியது. மூன்றாவது வரிசையில் மொயன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்திலிருந்தவர் பார்த்ததும், "காத்து" என்று சொல்லிவிட்டு மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அடுத்த நாள் தபால் வண்டியில் வேறு ஆள் வந்தான். அதற்கடுத்த நாளும் அவனேதான். மொயன்ஸ் பாதையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுவிட்டான் என்று கடையில் பேச்சு. ஆஸ்கெர் சாப்பாட்டைத் தொட்டுவிட்டு எழுந்தான்.

அந்த வாரக் கடைசியில் மஞ்சள் சைக்கிளின் மணி கேட்டது. ஆஸ்கெர் கதவைத் திறந்தான். கால் தானாகத் திரும்பப் பார்த்தது. பிடித்து நிறுத்தினான். காற்று அவன் தோள்களைத் தாண்டிப் போய் மொயன்ஸின் முகத்தில் முழுசாக அடித்தது. மொயன்ஸ் கண்ணைச் சுருக்கினான். தொப்பியை ஒரு கையால் அழுத்திக்கொண்டான். பின்வாங்கவில்லை.

"கரெண்டு பில்லு" என்றான்.

"ம்."

"மூஞ்சி கெழடு தட்டிப் போச்சேடா உனக்கு. முதுகப் பாத்து இன்னும் கொஞ்சம் சின்ன வயசுன்னு நெனச்சேன்."

ஆஸ்கெர் வாயைத் திறந்தான். என்ன சொல்ல வந்தான் என்று மொயன்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "வேணாம். ஊரக் கூட்டிச் சொல்லியாச்சு. அந்தச் செவப்புச் சட்டைய நீயே வெச்சுக்க, எனக்கு இப்ப பத்தாது" என்றான். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. மூக்கும் சிவந்துவிட்டது. "ஆனா இங்க நிக்கணும்னா இந்தத் துணி தாங்காது. நாளைக்குக் கம்பளி போட்டுக்கிட்டு வரேன்."

காற்று அதற்குப் பிறகும் நிற்கவில்லை, இன்றுவரைக்கும் நிற்கவில்லை. மறுநாள் மொயன்ஸ் கழுத்துவரை மூடிய தடித்த கம்பளிச் சட்டையோடு வந்து, சைக்கிளைச் சுவரில் சாய்த்து, மணியடித்தான். அன்று ஆஸ்கெருக்குத் தபால் எதுவும் இல்லை.